சோத்துப் பொட்டலுக்குப் போன சனிக்கிழமை

1976 ஏப்ரல் 23, வெள்ளி

நாசரேத்தில் பெண்கள் பள்ளியொன்றில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். மன்னார் வளைகுடாவைக் கரும்பலகையில் வரைந்து, கரையை ஒட்டி வடக்கே போகும் தீவுகளுக்குச் சாக்பீஸால் புள்ளி வைப்பது வருடா வருடம் உள்ள வேலை. அந்தப் புள்ளி எதிலும் நான் கால் வைத்ததில்லை. கடலில் போனதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். திருச்செந்தூர்க் கரையில் முழங்கால் நனைய நின்றதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்த என் தம்பி தேவதாசன்தான் வழி உண்டாக்கினான். தூத்துக்குடியில் அரசாங்க வேலை. கடலோரங்களில் சவுக்குக் கன்று நட்டுக் காடாக்குவது அவன் பொறுப்பு.

“வார சனிக்கிழமை ஒரு தீவுக்குப் போறேன்க்கா. ஊரே வருசத்துக்கு ஒரு தரம் அங்கன போய்க் கூடுமாம். பொம்பளையாளுகளும் போவாங்க. நீயும் வாரியா?”

பள்ளி விடுமுறை. மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டணம் ஒரு ரூபாய் எண்பது காசு. குரும்பூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை, ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால், முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி. அந்தப் பாலத்தோடு பச்சை முடிந்துவிடும். பழையகாயலுக்கு அப்பால் வெயிலில் கண்ணைப் பறிக்கும் உப்பளம்தான். ஒரே பயணத்தில் வாழையையும் உப்பையும் பார்த்துவிடலாம் என்று என் பிள்ளைகளிடம் சொல்லுவேன். அன்றைக்கு அதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தூத்துக்குடியில் தம்பியின் வாடகை வீடு. மாடியில் ஏறி நின்றால் தெற்கே புதுத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. தீவுக்குப் போகிற இடத்தில் பிள்ளைகள் இருக்குமே என்று சாயங்காலம் கடைவீதிக்குப் போய் அரைக் கிலோ மக்ரூன் வாங்கினேன். ஒன்பது ரூபாய்.

ஏப்ரல் 24, சனி

விடிவதற்கு முன்னே பஸ் ஏறினோம். தருவைகுளத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து கடலை ஒட்டி வடக்கே மூன்று கிலோமீட்டர் நடை. தம்பியின் தோளில் ஒரு சாக்குப்பை. அதற்குள் அளவு நாடா, நூல்கயிறு, சீவிய முளைக்குச்சிகள். சவுக்குக் கன்றுக்குக் குழி தோண்டவேண்டிய இடங்களை அடையாளம் வைப்பதற்கு.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கத்தோலிக்க மீனவர் ஊர். வெள்ளையடித்த சிறிய கோவில், கருவாடு காயும் மணல், வலை உலர்த்தும் கம்புகள் என்று மட்டும் சொல்லலாம்.

கரை முழுவதும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய பானைகளில் சோறு வடித்து, வாயைத் துணியால் கட்டி, வள்ளங்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் என்றால் பாய்மரம் கட்டிய மரப்படகு. நாங்கள் ஏறவேண்டிய வள்ளத்தின் தண்டல், அதாவது அதை ஓட்டும் தலைவர், சூசை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மனைவி மிக்கேலம்மாள் கருவாட்டுக் கூடையோடு விளாத்திகுளம் சந்தைவரை போய் வியாபாரம் செய்கிறவள். அவள் குரலைக் கேட்டாலே அது தெரிந்துவிடும்.

நான் மக்ரூன் பொட்டலத்தை நீட்டினேன்.

“பண்டம் வேண்டாம் டீச்சரம்மா. வச்சிக்கிடுங்க. இன்னைக்குச் சோறும் குழம்பும் மட்டுந்தான்.” முகம் கோணாமல் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினாள். “குடைய மடக்குங்க. காத்து வந்துச்சுன்னா குடையும் நீங்களும் சேர்ந்து போயிருவீக.”

காலையில் கரையிலிருந்து வீசும் காற்று கடலுக்குக் கொண்டுபோய் விடும்; மதியத்துக்கு மேல் கடல்காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற சங்கதிதான். ஆனால் அந்த அம்புக்குறி பாய்த்துணியில் ‘டப்’பென்று வந்து மோதி வள்ளம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபோது, படித்த பாடம் எல்லாம் வயிற்றுக்கு வந்துவிட்டது. மிக்கேலம்மாள் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

நான்கு கடல்மைல். பாதி தூரம் போனதும் தண்ணீரின் நிறம் மாறியது. கீழே பவளப்பாறை. தெளிந்த நீரில் அதன் மேடுபள்ளம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. தலை நிமிர்த்த முடிந்த பிறகு சூசையிடம் கேட்டேன்.

“தீவுல கூடுத இடத்துக்கு என்ன பேர் அண்ணாச்சி?”

“சோத்துப் பொட்டல்.”

“ஏன் அந்தப் பேர்?”

சூசை மனைவியைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் காலத்துல முத்துக்குளிப்பு நடக்கும்லா. சிப்பிய அங்கன கொண்டாந்து குவிச்சு ஏலம் விடுவாவளாம். பெரிய பெரிய யாவாரிக வருவாக. குளிகாரனுக்கெல்லாம் யாவாரிகதான் சோறு போடுவாகளாம். அதான் சோத்துப் பொட்டல்.”

நல்ல கதைதான். என் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். மிக்கேலம்மாள் பானையின் துணிக்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

தீவு தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பாயை விரித்துப்போட்ட மாதிரி. குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. கரையெல்லாம் செத்த பவளத் துண்டுகள், நடந்தால் ஓட்டுச்சல்லி போலச் சத்தம் போடும். ஓரங்களில் முள்ளும் புதரும். அவற்றைத் தாண்டி உள்ளே போனால் பொட்டல். வெள்ளை மணல். ஒரு புல்கூட இல்லை. எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் பாதி இருக்கும். சிலுவையோ கொடியோ கல்லோ ஒன்றும் நடப்படவில்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஆள் வரும் இடத்தில் புதர் எப்படி ஏறாமல் இருக்கிறது என்று கேட்டேன். மீன்பிடிக்க வருகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் இறங்கிப் பிடுங்கிவிட்டுப் போவார்களாம்.

கிழக்குக் கரையைக் கடல் தின்றுகொண்டிருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்த பிறகு அலையைத் தடுக்க ஒன்றுமில்லை என்றான் தம்பி. “மரம் நடலைன்னா நம்ம காலத்துலயே இந்தத் தீவு போயிரும்க்கா.” அவன் சொன்னது நியாயம். அவன் வம்புக்காக எதையும் செய்யப் போகவில்லை.

ஆனால் அவன் பொட்டலின் ஒரு மூலையில் முதல் முளைக்குச்சியை அடித்தபோது, வள்ளத்திலிருந்து பானை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார்கள். நூல் பிடித்து அவன் ஒரு வரிசை முடிப்பதற்குள் ஊர்த் தலைவர் லூர்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் சிவப்பு லேஞ்சுத் துண்டு, உயரமான மனிதர். எழுபது வயதைத் தாண்டியவர்.

“சார், ஓரத்துல நட்டுக்கிடுங்க. பொட்டல விட்டுருங்க.”

“ஓரத்துல மட்டும் நட்டா மண்ணு நிக்காது தலைவரே. எனக்குக் கொடுத்திருக்கிற பரப்பு முழுத் தீவும்.”

“இது பாரம்பரியமான எடம் சார். சிப்பி ஏலம் விட்ட எடம். எங்க பாட்டன் பூட்டன் முத்து யாவாரம் பாத்த எடம்.”

தம்பி பொறுமையாகத்தான் பேசினான். “முத்துக்குளிப்பு நின்னு எத்தனையோ வருசம் ஆச்சு. ஏலம் போட்ட எடத்தை எதச் சொல்லி விடச் சொல்லுதீக? கோயில் இருந்தா விட்டுருவோம். இடுகாடு இருந்தா விட்டுருவோம். அதுக்கு விதி இருக்கு. சும்மா கூடுத எடம்னா, அடுத்த பக்கத்துல கூடிக்கிடுங்கன்னுதான் மேல சொல்லுவாங்க.”

இடுகாடு என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் சுற்றி நின்றவர்கள் மணலைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. லூர்து மட்டும், “ஏலம் விட்ட எடம்தான் சார்,” என்று இன்னொரு தரம் சொன்னார். முதல் தடவை இருந்த சத்தம் அதில் இல்லை.

மிக்கேலம்மாள் தலையிலிருந்த பானையை இறக்கி மணலில் வைத்தாள்.

“சொல்லிருவோம் மாமா,” என்றாள்.

“ஏளா மிக்கேலு, வாய மூடு.”

“மூடித்தான் இருக்கோம். மூடி மூடி என்னத்தக் கண்டோம்? நாளைக்குக் கடப்பாறைய எடுத்துக்கிட்டு வந்து குழி தோண்டுவாவ. தோண்டுனா என்ன வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அதன்பின் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். சந்தையில் கூவுகிற குரல் இல்லை அது. அருகில் நின்ற எனக்கே காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது.

அவள் சொன்னதை என் நடையில் சுருக்கி எழுதுகிறேன். மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால், ஒரு முத்துக்குளிப்புக் காலத்தில், குளிகாரர் முகாமில் வாந்திபேதி வந்தது. இந்த ஊர் ஆட்கள் தங்கள் நோயாளிகளை வள்ளத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். கேட்டுக் கெஞ்சி ஏறிக்கொண்ட வெளியூர்க்காரர்களும் அதில் இருந்தார்கள்: தெற்கேயிருந்து வந்த துலுக்கக் குளிகாரர்கள், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர்கள். ஊரை நெருங்கும்போது, கரையில் ஊரே திரண்டு நின்றது. ஆண்கள் கையில் துடுப்பை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். இறங்கினால் அடிப்போம் என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொள்ளைநோய் வந்தால் ஊர் மிஞ்சாது.

வள்ளங்கள் திரும்பின. நோயாளிகளை இந்தத் தீவில் இறக்கினார்கள். ஒரு பீப்பாய்த் தண்ணீரும் கொஞ்சம் சோறும் வைத்தார்கள். நாளைக்கு வருகிறோம் என்றார்கள்.

“வந்தாவ சார். வரலைன்னு சொல்லப்புடாது. விடிஞ்சா ஒரு வள்ளம் வரும். கணுக்கால் தண்ணியில நின்னுக்கிட்டு பானைய மணல்ல வச்சிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிருவாவ. மறுநா வந்தா பானை காலியா இருக்கும். அப்ப ஆளு இருக்குன்னு அர்த்தம். ஒரு நா வந்து பாத்தா, வச்ச பானை வச்ச எடத்துலயே இருந்துச்சாம். துணி கூட அவுக்கல.”

பக்கத்தில் ஒரு பெண் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வெளியாள் காது கேட்க யாரும் சொன்னதில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

“அதுக்கப்புறம் ஆம்பளைக ஒருத்தனும் வரல. பயம். பொம்பளைகதான் வள்ளத்தத் தள்ளிக்கிட்டு வந்தாளுவ. பாய் கட்டத் தெரியாது. கம்பு ஊனி ஊனி வந்தாளுவளாம். வந்து, ஆரு என்ன சாதி, என்ன வேதம்னு பாக்காம, எல்லாரையும் இங்கனதான் ஒண்ணா அடக்கம் பண்ணுனாளுவ. மறுநா ஆம்பளைகளும் வந்து அழுதாவளாம். அன்னையிலயிருந்து நாங்க சோறு கொண்டாந்துக்கிட்டு இருக்கோம்.”

“எத்தனை பேர்?” என்றான் தம்பி.

“அது கேக்காதீக. எண்ணியிருந்தா பேரும் சொல்ல வேண்டியிருக்கும்லா. ஒருத்தரத் தெரியும். அன்னைக்கு இங்கனயிருந்து கடைசியா வள்ளத்த எடுத்தது எங்க பூட்டன். எறக்கி விட்டதுல அவருக்கு நேர் எளைய தம்பியும் இருந்தாரு.”

தம்பி நூல்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். சின்ன வயதிலும் அழுகை வரும்போது கையில் எதையாவது சுற்றிக்கொண்டே இருப்பான். கடைசியில், கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“இடுகாடுன்னு நான் எழுதணும்னா, ஊர்த் தலைவர் வாயால சொல்லணும். நெசமா தலைவரே?”

லூர்து லேஞ்சால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சூசை, “மாமா, ஒக்காருங்க,” என்றார். அவர் உட்காரவில்லை.

“இவ பூட்டனாவது வள்ளத்துல இருந்தாரு,” என்றார் லூர்து. “எங்க பாட்டனோட தகப்பன் கரையில நின்னவரு. துடுப்பு ஓங்குனதுல முத ஆளு. சாவுத வரைக்கும் அந்தக் கையால சோறு திங்கலயாம், எடது கையாலதான் திம்பாராம். எங்க வீட்டுல இது பேச்சே கிடையாது சார். பொண்ணு குடுக்கவன், எடுக்கவன் எவனாவது கேட்டா என்ன சொல்லுவான்? சாகக் கெடந்தவனக் கடல்ல தள்ளுன ஊருன்னு சொல்ல மாட்டானா? அதான் ஏலம், யாவாரம்னு ஒரு கதைய வச்சிருக்கோம்.”

லேஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு, “இடுகாடுதான். எழுதிக்கிடுங்க,” என்றார். “ஊர் பேரு மட்டும் வேண்டாம்.”

“எடத்தோட பேரு போதும்,” என்றான் தம்பி.

அவன் குனிந்து முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். சூசை உதவிக்குப் போனார். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டான். குச்சி இருந்த ஓட்டைகளை மிக்கேலம்மாள் உள்ளங்கையால் தடவி மூடிக்கொண்டே பின்னால் போனாள். பிறகு தம்பியும் அவளும் கிழக்குக் கரைக்கு நடந்தார்கள். லூர்தும் கூடப் போனார். திரும்பி வரும்போது ஓர் ஏற்பாடு ஆகியிருந்தது. பொட்டலை விட்டுவிட்டு அதைச் சுற்றி மூன்று வரிசை சவுக்கு. குழி வெட்டுவதற்கு முன் ஊர்க்காரர்கள் வந்து இடம் காட்ட வேண்டும். கன்று வேர் பிடிக்கும்வரை கடலுக்கு வரும் வள்ளம் ஒவ்வொன்றும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தண்ணீர் யோசனை லூர்துடையது.

அதன் பிறகுதான் சாப்பாடு. எல்லாரும் மணலில் உட்கார்ந்தோம். பலகையோ பாயோ கிடையாது. தன் பானைச் சோற்றைத் தான் எடுத்துச் சாப்பிடக்கூடாது, இன்னொருவர் போட வேண்டும் என்பது வழக்கம். எனக்கு ஒரு வீட்டுச் சோறும் வேறொரு வீட்டு மீன்குழம்பும் விழுந்தன. காலையில் வடித்த சோறு ஆறிப்போய்க் கட்டியாக இருந்தது. தொண்டையில் இறங்குமோ என்று பயந்தேன். இறங்கியது. நல்ல பசி. பிள்ளைகள் பொட்டலில் ஓடிப்பிடித்து விளையாடின, யாரும் அதட்டவில்லை. முதல் கவளத்துக்கு முன்னால் ஒரு ஜெபம் உண்டு. அதில் “எங்களவுக, பிறத்தியாவுக, பேர் தெரியாதவுக எல்லாருக்கும்” என்று ஒரு வரி வந்தது.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை நினைத்துக்கொண்டேன். வரிசை வரிசையாகச் சிமென்ட் மேடை, பெயர், பிறந்த நாள், கர்த்தருக்குள் தூங்கின நாள், ஒரு வசனம். வருடத்துக்கொரு முறை சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றுவோம். எங்கள் குடும்பத்துக் கல்லறைகளை மட்டும். அடுத்த கல்லறை யாருடையது என்று நான் குனிந்து வாசித்ததில்லை. அங்கே எல்லாம் எழுதியிருக்கிறது என்பதால் நினைத்துக்கொள்ள வேண்டிய வேலை நமக்கு இல்லாமல் போய்விட்டதோ என்று தோன்றியது. இந்த ஊர்க்காரர்கள் செய்தது தவறு. அதை அவர்களே யாரையும்விட நன்றாக அறிவார்கள். ஆனால் தவறு நடந்த இடத்துக்கு வருடா வருடம் பிள்ளைகுட்டியோடு வந்து, மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுப்போக எத்தனை ஊருக்குத் துணிவு வரும்? நாசரேத்தில் எனக்குத் தெரிந்த சில சங்கதிகள் நினைவுக்கு வந்தன. அவை நடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் போவோம்.

மதியம் சாய்ந்ததும் கடல்காற்று எழுந்தது. காலிப் பானைகளை அலசிக் கவிழ்த்து ஏற்றினார்கள். பிள்ளைகளைத் தூக்கிப் போட்டார்கள். தம்பி ஏறிவிட்டான். மிக்கேலம்மாள் ஏறி என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பாயை ஏற்றினால் கிளம்பிவிடலாம். யாரும் ஏற்றவில்லை.

சூசை மட்டும் தண்ணீரில் நின்றார். மற்ற வள்ளங்களின் தண்டல்களும் அவரவர் வள்ளத்தின் முனையைப் பிடித்தபடி நின்றார்கள். எல்லாரும் தீவைப் பார்த்திருந்தார்கள். முதலில் கூப்பிட்டது சூசைதான்.

“இன்னும் ஏறாதவுக ஆராவது உண்டா? வாங்க, வீட்டுக்குப் போவோம்!”

அடுத்த வள்ளத்திலிருந்து இன்னொருவர் கூப்பிட்டார். அதற்கடுத்து இன்னொருவர். வரிசையாய்ப் போய்க் கடைசி வள்ளத்தில் லூர்தின் குரல் கேட்டது. வயதான குரல், காற்றில் பிய்ந்து வந்தது. பிறகு காத்திருந்தார்கள். பொட்டலில் ஒருவரும் இல்லை. எங்கள் காலடித்தடங்கள் மட்டும் இருந்தன, அவற்றின்மேல் மணல் ஓடத் தொடங்கியிருந்தது.

யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மிக்கேலம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பலகையில் நகர்ந்தாள். எதிர்ப்பலகையில் இருந்த பெண்களும் நகர்ந்தார்கள். என் தம்பி, மடியிலிருந்த சாக்குப்பையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, ஓரத்துக்கு ஒதுங்கினான். நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அதன் பிறகுதான் சூசை வள்ளத்தைத் தள்ளி ஏறினார்.